புளியங்கொட்டையும் சோடா மூடியும்: சப்ளை செயின் வகுப்புக்கு ஓர் ஆட்டப் பலகை செய்த பதிவு

சரக்கு கம்பெனியிலிருந்து கடைவரை வந்துசேரும் வழியைப் படிப்பதுதான் சப்ளை செயின் பாடம். அதில் புல்விப் விளைவு என்று ஒரு தலைப்பு வரும். கடையில் விற்பனை கொஞ்சம் ஏறினால், அந்த ஏற்றம் மொத்த வியாபாரி, டீலர், கம்பெனி என்று மேலே போகப் போகப் பெருத்துக்கொண்டே போகும். ஒரு வரையறை, நான்கு காரணங்கள், ஒரு படம். 13 மார்க் கேள்விக்கு இது போதும், மாணவர்களும் நன்றாகவே எழுதுகிறார்கள். ஆனால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்), "கடையில் விற்பனை சீராக இருக்கும்போதும் கம்பெனியில் ஏன் உற்பத்தி ஏறி இறங்குது?" என்று கேட்டால், "ஃபோர்காஸ்ட் தப்பாயிருச்சு மேம்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். எங்கோ ஒருவர் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டார், மற்றவர்கள் மாட்டிக்கொண்டார்கள் என்றே அவர்கள் மனதில் பதிந்திருக்கிறது. நான்கு பேரும் அவரவர் இடத்தில் நியாயமாக முடிவெடுத்தாலும் அலை எழும் என்பதுதான் பாடமே. அதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டி நம்பவைக்க என்னால் முடியவில்லை. அவர்கள் கையாலேயே அந்த அலையை உண்டாக்கிப் பார்க்கட்டும் என்றுதான் இந்த வேலையில் இறங்கினேன்.

புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. இதற்கென்றே 60 வருடத்துக்கு மேலாக ஓர் ஆட்டம் இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பிறந்த 'பீர் கேம்'. கணினிக்கான மேக்னெடிக் கோர் மெமரியை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜே ஃபாரஸ்டர், 1956ல் அங்குள்ள மேலாண்மைப் பள்ளிக்கு மாறினார். ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனிக்குக் கென்டக்கியில் வீட்டுச் சாதனங்கள் செய்யும் ஆலை இருந்தது. அங்கே சில காலம் ஓவர்டைம் போட்டு மூன்று ஷிஃப்ட் ஓடும், சில வருடம் கழித்து ஆட்களை வீட்டுக்கு அனுப்புவார்கள். வெளிச்சந்தையின் ஏற்ற இறக்கம்தான் காரணம் என்று எல்லாரும் நினைத்திருந்தபோது, ஃபாரஸ்டர் ஒரு நோட்டில் வாரவாரமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார். வரும் ஆர்டர் மாறாமல் இருந்தாலும்கூட, ஆலைக்குள் ஆள் எடுக்கும் முறையும் ஸ்டாக் வைக்கும் முறையும் சேர்ந்தே அந்த அலையை எழுப்பிவிடும் என்று தெரிந்தது. ஓர் அமைப்பின் பகுதிகள் ஒன்றையொன்று பாதித்துக் காலப்போக்கில் எப்படி மாறுகின்றன என்று பார்க்கும் சிஸ்டம் டைனமிக்ஸ் என்ற துறை அங்கிருந்து வளர்ந்தது. அவருடைய குழு வகுப்பறைக்காகச் செய்த ஆட்டம்தான் இது. மென்பொருளாகவும் இணையத்தில் கிடைக்கிறது. நான் மேசைமேல் வைத்து ஆடும் பழைய வடிவத்தையே எடுத்துக்கொண்டேன். திரையில் எண் மாறுவதைப் பார்ப்பதும், சரக்கைக் கையால் எண்ணித் தள்ளுவதும் ஒன்றல்ல.

எங்கள் கல்லூரி விருதுநகர் பக்கம். வகுப்பில் பீர் என்று சொல்லி ஆடவைக்க வேண்டாம் என்று சரக்கைச் சோடா கிரேட்டாக மாற்றினேன். இங்கே பெட்டிக்கடையில் கலர் குடிக்காத பிள்ளை கிடையாது. கடை, மொத்த வியாபாரி, டீலர், கம்பெனி என்று நான்கு நிலையும் அப்படியே பொருந்திவிட்டன. பால், காய்கறி என்று மாற்றினால் பொருந்தாது. அழுகும் சரக்கைத் தேக்கி வைக்க முடியாது. தேங்கும் சரக்கு இல்லாவிட்டால் இந்த ஆட்டமே இல்லை.

பலகை செய்தது

பலகைக்கு டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு அடித்த பழைய பிளெக்ஸ் பேனர்கள் கிடைத்தன. பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். ஒரு ஆட்டத்துக்கு 6 அடி நீளம், 2 அடி அகலம் வெட்டிக்கொண்டால் லேப் மேசை இரண்டைச் சேர்த்துப் போட்டு விரிக்கலாம். ஓரத்தைக் கொஞ்சம் மடித்து ஒட்டிவிட்டால் சுருளாது. பர்மனென்ட் மார்க்கரில் கோடு போட்டோம். சாதா ஸ்கெட்ச் பேனா வேண்டாம், விரல் பட்டதும் அழியும்.

நீளவாக்கில் நான்கு பெரிய கட்டம், ஒவ்வொன்றும் ஒரு நிலையின் குடோன். பக்கத்துப் பக்கத்துக் குடோன்களுக்கு நடுவில், கீழ் வரிசையில், இரண்டு சின்னக் கட்டம். அது லாரியில் வந்துகொண்டிருக்கும் சரக்கு, கட்டத்துக்கு ஒரு வாரம். மேல் வரிசையிலும் இரண்டு கட்டம். ஒன்று 'போட்ட ஆர்டர்', அடுத்தது 'வந்த ஆர்டர்'. சரக்கு கம்பெனியிலிருந்து கடையை நோக்கி நகரும், ஆர்டர் சீட்டு கடையிலிருந்து கம்பெனியை நோக்கி நகரும். கம்பெனிக்குப் பின்னால் உற்பத்திக்கு இரண்டு கட்டம். இவ்வளவுதான் பலகை.

சரக்குக்குப் புளியங்கொட்டை. ஒரு கொட்டை ஒரு கிரேட். தொடக்கத்தில் ஒவ்வொரு குடோனிலும் 12, வழியில் இருக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் 4. ஆக நிலைக்கு 20, பலகைக்கு 80 கொட்டை. ஆட்டம் சூடுபிடித்ததும் இது பத்தாது. கம்பெனிக்காரர்கள் வாரத்துக்கு 30, 40 என்று உற்பத்தி போட ஆரம்பித்துவிடுவார்கள். 30 கொட்டையை எண்ணி நகர்த்துவதற்குள் மற்ற மேசைகள் இரண்டு வாரம் முன்னே போய்விடும். அதனால் சோடா பாட்டிலின் தகர மூடியைப் பத்து கிரேட்டுக்கு வைத்தோம். கல்லூரி வாசலில் இருக்கும் கடைக்கார அண்ணன் ஒரு பை நிறையக் கொடுத்தார். கழுவிக் காயவைத்து, விளிம்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், சிலது கையைக் கிழிக்கும். புளியங்கொட்டைக்கும் ஒரு குறிப்பு: நன்றாகக் காய்ந்த கொட்டையாக இருக்க வேண்டும். கொஞ்சம் புளி ஒட்டியிருந்தாலும் டப்பாவில் வண்டு வைத்துவிடும்.

ஆர்டர் சீட்டுக்குப் பழைய விடைத்தாளின் எழுதாத பக்கங்களைக் கிழித்துக்கொண்டோம். கடைக்கு மட்டும் ஒரு சீட்டுக்கட்டு தனியாக வேண்டும். அதில் வாரவாரமாக வாடிக்கையாளர் எத்தனை கிரேட் வாங்கினார் என்று எழுதிக் கவிழ்த்து வைக்க வேண்டும். மூல ஆட்டத்தில் இருக்கும் அதே எண்கள்தான்: முதல் 4 வாரம் 4, 5ஆம் வாரத்திலிருந்து கடைசிவரை 8. ஒரே ஒரு ஏற்றம், அதற்குப் பிறகு எந்த மாற்றமும் இல்லை. கடைக்காரரைத் தவிர வேறு யாரும் இதைப் பார்க்கக் கூடாது.

பதிவுத்தாளில் மூன்று பத்தி: வாரம், ஸ்டாக் அல்லது பாக்கி, போட்ட ஆர்டர். செலவுக் கணக்கும் மூலத்தில் உள்ளதேதான், டாலரை ரூபாயாக்கிக்கொண்டேன். குடோனில் தங்கும் ஒவ்வொரு கிரேட்டுக்கும் வாரம் 50 காசு. கொடுக்க முடியாமல் பாக்கி நிற்கும் ஒவ்வொரு கிரேட்டுக்கும் வாரம் 1 ரூபாய். நான்கு நிலையின் செலவையும் கூட்டினால் அந்த மேசையின் செலவு. அது குறைவாக வந்த மேசை ஜெயித்தது.

ஒரு வாரம் எப்படி நகரும்

ஐந்து படி. வரிசை மாறினால் கணக்கு கெட்டுவிடும், அதனால் ஒருவர் நடுவில் நின்று சத்தமாகச் சொல்ல வேண்டும்.

முதலில், அருகில் உள்ள லாரிக் கட்டத்துச் சரக்கைக் குடோனுக்குள் எடுத்து, பின்னால் இருப்பதை ஒரு கட்டம் முன்னே தள்ளுவது. இரண்டாவது, வந்த ஆர்டர் சீட்டைத் திருப்பிப் பார்த்து, பழைய பாக்கியும் சேர்த்து, இருக்கிற சரக்கை அனுப்புவது. கடைக்காரர் தன் கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுப்பார். மூன்றாவது, மிச்சத்தை அல்லது பாக்கியைத் தாளில் எழுதுவது. நான்காவது, 'போட்ட ஆர்டர்' கட்டத்துச் சீட்டைக் கவிழ்த்தபடியே மேலே உள்ளவரின் 'வந்த ஆர்டர்' கட்டத்துக்குத் தள்ளுவது. கம்பெனி தான் போட்ட சீட்டைத் திருப்பி, அத்தனை கொட்டையை உற்பத்திக் கட்டத்தில் வைக்கும். ஐந்தாவது, இந்த வாரம் எவ்வளவு ஆர்டர் என்று முடிவெடுத்து, எழுதி, கவிழ்த்து வைப்பது. மாணவர்கள் மூளையைச் செலவழிக்கும் படி இந்த ஐந்தாவது மட்டும்தான். மற்றதெல்லாம் கைவேலை.

ஒரே விதி: மேசையில் பக்கத்து நிலையோடு பேசக் கூடாது. சீட்டும் சரக்கும் மட்டுமே பேசும். மாணவர்கள் இதை மீறத்தான் பார்ப்பார்கள். கண்ணைக் காட்டுவார்கள், இருமுவார்கள். ஆட்டத்தின் உயிரே இந்த விதிதான் என்பதால் இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

முதல் 4 வாரம் எல்லாரும் 4 என்றே ஆர்டர் போட வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். அதற்குள் கை பழகிவிடும். முதல் வாரத்துக்கு ஐந்து நிமிடம் ஆகும், பழகிய பிறகு ஒன்றரை நிமிடத்தில் ஒரு வாரம் ஓடும். 50 நிமிட பீரியடில் இதை முடிக்க முடியாது. மதியம் மூன்று மணி நேர லேப் ஸ்லாட் கேட்டு வாங்கினேன். 36 வாரம் ஆடுவது வழக்கம். நேரம் போதாவிட்டால் 28, 30 வாரம்வரையாவது போக வேண்டும். அதற்குமுன் நிறுத்தினால் எல்லாருக்கும் பாக்கி குவிந்த கட்டத்தோடு ஆட்டம் முடிந்துவிடும், சரக்கு வெள்ளமாகத் திரும்பி வருவதைப் பார்க்காமலே போய்விடுவார்கள். தொடக்கத்தில் '50 வாரம் ஆடப்போகிறோம்' என்று அறிவிப்பதும் மூல ஆட்டத்தின் வழக்கம்தான். முடிவு எப்போது என்று தெரிந்தால் கடைசி வாரங்களில் ஆர்டரே போடாமல் செலவைக் குறைத்துக்கொள்வார்கள்.

வகுப்பில் 60 பேர். ஒரு நிலைக்கு இரண்டு பேர், மேசைக்கு 8 பேர், ஆக 7 மேசை. மிச்சம் 4 பேரில் ஒருவர் படி சொல்பவர், மூன்று பேர் மேசை மேசையாகப் போய்க் கணக்குச் சரிபார்ப்பவர்கள். ஒரு நிலைக்கு இரண்டு பேர் என்பது ஆள் கணக்குக்காக மட்டும் செய்த ஏற்பாடு இல்லை. ஒருவர் மட்டும் இருந்தால் எண்ணை எழுதிவிட்டுப் போய்விடுவார். இரண்டு பேர் இருந்தால் "ஏன்டா 20 போடுற?" என்று ஒரு கேள்வி எழுகிறது, அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. தனக்குள் ஓடும் காரணத்தை வாய்விட்டுச் சொல்லவைக்கும் அந்த ஒரு நிமிடத்துக்கு வேறு எந்தப் பயிற்சியும் ஈடாகவில்லை.

மேசையில் நடந்தது

5ஆம் வாரம் கடைக்காரர் சீட்டைத் திருப்பினார். 8. முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது என்று சொல்லியிருந்தேன், இருந்தாலும் புருவம் ஏறியது.

கடையின் கணக்கு மட்டும் இங்கே எழுதுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்தே புரியும். ஸ்டாக் 12. வாரம் 4 வருகிறது, 8 போகிறது. 5ஆம் வார முடிவில் 8, 6ஆம் வாரம் 4, 7ஆம் வாரம் 0, 8ஆம் வாரம் 4 கிரேட் பாக்கி. 5ஆம் வாரக் கடைசியில் போட்ட பெரிய ஆர்டர் வந்துசேர 9ஆம் வாரம் ஆகும். சீட்டு போக 2 வாரம், சரக்கு வர 2 வாரம். ஆக, ஆர்டரை உடனே 8 ஆக்கிய கடைக்காரருக்கும், பழைய 12 ஸ்டாக்குக்குத் திரும்பக் கூடுதலாகத் தேவை 16 கிரேட் மட்டுமே. அதுவும் ஒரே ஒரு தடவை.

நடப்பது வேறு. 6ஆம் வாரம் ஸ்டாக் குறைகிறது, குறைந்ததைச் சேர்த்து 14 போடுகிறார். 7ஆம் வாரம் இன்னும் குறைகிறது, 16 போடுகிறார். 8ஆம் வாரம் பாக்கி விழுந்ததும் 20. போன வாரம் கேட்டது இன்னும் வரவில்லையே என்ற பதற்றத்தில், அதே பற்றாக்குறைக்கு மூன்று தடவை ஆர்டர் போட்டாயிற்று. மொத்த வியாபாரிக்கு வந்து சேர்வது 4, 4, 8, 14, 16, 20 என்று ஏறும் வரிசை. அவர் அதைப் பார்த்து, இன்னும் ஏறும் என்று தன் பங்குக்குக் கூட்டுகிறார். டீலர் அதன்மேல் கூட்டுகிறார். ஒரு மேசையில் கம்பெனிப் பெண்கள் இரண்டு பேரும் 40 என்று எழுதிவிட்டு, மூடி போதவில்லை என்று பக்கத்து மேசையில் கடன் கேட்டார்கள்.

15ஆம் வாரத்தை ஒட்டி அறையில் சத்தம் ஏறிவிடும். எல்லா நிலையிலும் பாக்கி. "மேம், டீலர் சரக்கை வச்சுக்கிட்டே தர மாட்டேங்கிறாங்க", "கடைக்காரன் வேணும்னே ஜாஸ்தி போடுறான்" என்று புகார் வர ஆரம்பிக்கும். டீலர் குடோனில் ஒரு கொட்டைகூட இல்லை என்பது எதிரிலேயே தெரியும், ஆனாலும் கோபம் அவர்மேல்தான். பிறகு 20ஆம் வாரம் தாண்டியதும் காற்று மாறுகிறது. கேட்டதெல்லாம் ஒரே நேரத்தில் வந்து இறங்குகிறது. போன வாரம்வரை சரக்கில்லை என்று கத்தியவர்கள் இப்போது 0, 0, 0 என்று சீட்டு போடுகிறார்கள். கம்பெனிக் குடோனில் மூடிகள் மலையாகக் குவிந்து கிடக்க, வாரவாரம் 0 ஆர்டர் வந்துகொண்டிருக்கும். அந்த மேசைப் பெண் ஒருத்தி, "ஆள் எடுத்து ஓவர்டைம் போட்டோமே மேம், இப்ப அவங்களை என்ன செய்யறது?" என்று கேட்டாள். கென்டக்கி ஆலையைப் பற்றி அதுவரை நான் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை.

ஆட்டம் முடிந்த பிறகுதான் வகுப்பு

மூன்று மணி நேரத்தில் குறைந்தது 50 நிமிடம் ஆட்டத்துக்குப் பிறகான பேச்சுக்கு ஒதுக்கிவிடுங்கள். அதை வெட்டுவதற்குப் பதில் ஆட்டத்தில் சில வாரங்களை வெட்டலாம். விளையாடிவிட்டுக் கலைந்தால், "ஜாலியா இருந்துச்சு" என்பதோடு எல்லாம் போய்விடும்.

முதல் பத்து நிமிடம் கோபத்தைக் கொட்டவிடுகிறேன். யார்மேல் தப்பு என்று எல்லாரும் பேசட்டும். பிறகு கடைக்காரர்களை மட்டும் வாயை மூடச் சொல்லிவிட்டு, மற்ற மூன்று நிலைக்காரர்களிடம் ஒரு வெள்ளைத்தாள் கொடுக்கிறேன்: 'வாடிக்கையாளர் வாரவாரம் எத்தனை கிரேட் வாங்கியிருப்பார்? கோடு போட்டுக் காட்டு.' எல்லாரும் மலை போடுகிறார்கள். ஏறி, 20, 30 வரை போய், சரிந்து, 0 தொடும் மலை. ஒரு டீலர் பையன், 'இங்கே வெயில் காலம்', 'இங்கே மழை' என்றுகூட எழுதியிருந்தான். அதன்பிறகு கடைக்காரர்களைச் சீட்டுக்கட்டைத் திருப்பச் சொன்னேன். 4, 4, 4, 4, 8, 8, 8, 8... வரிசையாகப் படிக்கப் படிக்க அறை அடங்கியது. "கடைசிவரைக்கும் எட்டுத்தானா?" என்று அந்த டீலர் பையன் எழுந்து வந்து கட்டையே வாங்கிப் பார்த்தான்.

அடுத்து ஒவ்வொரு மேசையின் நான்கு ஆர்டர் வரைபடங்களையும் சுவரில் ஒட்டினோம். கடை கீழே, கம்பெனி மேலே. ஏழு மேசை, 28 தாள். ஒவ்வொரு மேசையிலும் அலை ஒரே மாதிரி: மேலே போகப் போக உயரம் கூடுகிறது, உச்சம் தள்ளிப்போகிறது. வகுப்பில் முதல் ரேங்க் எடுப்பவள் இருந்த மேசையும் அப்படித்தான், அரியர் வைத்திருப்பவன் இருந்த மேசையும் அப்படித்தான். ஆள் மாறியும் அலை மாறவில்லை என்பதைச் சுவரே காட்டும்போது, 'தப்பு யார்மேல்' என்ற கேள்வி தானாகவே விழுந்துவிடுகிறது. ஃபாரஸ்டர் வாழ்நாள் முழுக்கச் சொன்னது இதைத்தான்: நடத்தை அமைப்பிலிருந்து வருகிறது. பாடப்புத்தகத்தில் இது ஒரு வாக்கியம். சுவரில் அவர்களுடைய சொந்தக் கையெழுத்தில் 28 தாளாக நிற்கும்போது அதற்கு இருக்கும் பலமே தனி.

எம்ஐடி பேராசிரியர் ஜான் ஸ்டெர்மன் 1989ல் இதே ஆட்டத்தின் பதிவுத்தாள்களை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார். ஆடியவர்களின் சராசரிச் செலவு, ஒழுங்கான ஒரு விதியைப் பின்பற்றினால் ஆகியிருக்கும் செலவைவிடச் சுமார் 10 மடங்கு. காரணமாக அவர் காட்டியது, ஆர்டர் போட்டும் இன்னும் வந்துசேராத சரக்கை மனிதர்கள் கணக்கில் எடுப்பதில்லை என்பதை. மாணவர்கள் தங்கள் தாளிலேயே இதைக் கண்டுபிடிக்கட்டும் என்று, தாளில் நான்காவதாக 'வர வேண்டியது' என்று ஒரு பத்தி போட்டு நிரப்பச் சொன்னேன். ஆரம்பத்தில் வழியிலும் சீட்டிலும் நின்றதோடு இதுவரை போட்ட ஆர்டரைக் கூட்டி, இதுவரை வந்த சரக்கைக் கழித்தால் போதும். 40 போட்ட கம்பெனிப் பெண்களின் தாளில், அந்த வாரம் ஏற்கெனவே வர வேண்டியது எவ்வளவு நின்றது என்று அவர்களே கூட்டிப் பார்த்துவிட்டு, பேனாவை வைத்துவிட்டார்கள். கடையின் கணக்கை மறுபடி போட்டோம்: ஆரம்பத்தில் கையில் 12, வர வேண்டியது 16 (லாரியில் 8, ஆர்டர் சீட்டில் 8), சேர்த்து 28. விற்பனை 8 ஆனபிறகு கையில் 12, வர வேண்டியது 32, சேர்த்து 44. வித்தியாசம் 16. அந்த 16ஐ ஒருமுறை கூட்டிவிட்டு, பிறகு விற்ற அளவுக்கே ஆர்டர் போட்டால் கடையிலிருந்து அலை கிளம்பாது.

அடுத்த வாரம் அதே மேசைகளில் இரண்டாவது சுற்று. இந்தத் தடவை வேறு எண்கள், பதிவுத்தாளில் 'வர வேண்டியது' பத்தி, கடை விற்பனையைக் கடைக்காரர் சத்தமாக எல்லாருக்கும் சொல்லலாம். அலை நன்றாகத் தணிந்தது, ஆனால் அடங்கிவிடவில்லை. எண் எல்லாருக்கும் தெரிந்திருந்தும், மேலே இருப்பவர் சரியாக அனுப்புவாரா என்ற அவநம்பிக்கையில் சிலர் கொஞ்சம் கூட்டியே போட்டார்கள். இதுவும் ஆய்வுகளில் பதிவானதுதான். வாடிக்கையாளர் தேவை எல்லாருக்கும் தெரிந்தாலும் புல்விப் முழுசாக மறைவதில்லை என்று பின்னால் வந்த சோதனைகளும் காட்டியிருக்கின்றன. தகவல் பகிர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஸ்லைடில் எழுதுகிறோமே, அந்த வரியை நான் எடுத்துவிட்டேன்.

இரண்டாவது சுற்றின் பேச்சில் எதிர்பாராத பக்கத்திலிருந்து ஒரு சரக்கு வந்தது. ஒரு மாணவனின் அப்பா பிஸ்கட், சோப்பு ஏஜென்சி வைத்திருக்கிறார். "மேம், எங்க கடையில ஆர்டர் ஸ்டாக்கைப் பார்த்துப் போடறதில்ல. மாசக் கடைசியில டார்கெட் முடிக்கணும்னு கம்பெனி ரெப் வந்து உட்கார்ந்துருவாரு. பத்துக்கு ஒண்ணு ஸ்கீம் விட்டா மூணு மாசச் சரக்கை எடுத்துப்போம்" என்றான். 1997ல் ஹாவ் லீ, பத்மநாபன், சுங்ஜின் வாங் என்ற ஆய்வாளர்கள் மூவரும் புல்விப்புக்குச் சொன்ன நான்கு காரணங்களில் இரண்டு அவன் பேச்சிலேயே இருந்தன: சேர்த்துவைத்து மொத்தமாக ஆர்டர் போடுவது, விலை ஏறி இறங்குவது. மூன்றாவதை அவன் பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். தீபாவளிக்கு முன் சரக்கு பாதிதான் கிடைக்கும் என்று தெரிந்தால், வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு எழுதுவது. கீழிருந்து வரும் ஆர்டரையே தேவை என்று நம்பி ஃபோர்காஸ்ட் போடுவது நான்காவது. அதை ஆட்டத்திலேயே எல்லாரும் செய்துவிட்டார்கள். 13 மார்க் பட்டியலை அன்றைக்கு யாரும் மனப்பாடம் செய்யவில்லை.

பாயின்ட், பேட்ஜ், லீடர்போர்டு

இந்த ஆட்டம் நடந்ததும், இதையே செமஸ்டர் முழுக்க நீட்டலாமே என்று யோசனைகள் வந்தன. அட்டென்டன்ஸுக்குப் பாயின்ட், அசைன்மென்ட்டுக்குப் பேட்ஜ், வாசலில் லீடர்போர்டு என்ற தரவரிசைப் பட்டியல். கல்லூரித் தர மதிப்பீட்டுக்கான நாக் கோப்பில் 'கேமிஃபிகேஷன்' என்று ஒரு பக்கம் சேர்க்கவும் வசதி. இதில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு: சோடா ஆட்டமும் இந்தப் பாயின்ட், பேட்ஜும் வேறு வேறு.

ஆய்வாளர் செபாஸ்டியன் டெட்டர்டிங்கும் உடனிருந்தவர்களும் 2011ல் கொடுத்த வரையறை பரவலாகப் பயன்படுகிறது. ஆட்டம் அல்லாத ஒரு சூழலில் ஆட்டத்தின் கூறுகளைப் பயன்படுத்துவதுதான் கேமிஃபிகேஷன். எந்தக் கூறு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சோடா ஆட்டத்தில் மாணவி எழுதும் எண் நான்கு வாரம் கழித்து அவள் குடோனுக்கே வந்து இறங்குகிறது. பாடம் எதுவோ, ஆட்டத்தின் இயக்கமும் அதுவே. பேட்ஜில் அப்படி ஒன்றும் இல்லை. இன்வென்டரி கணக்குக்கும் இங்கிலீஷ் கட்டுரைக்கும் அதே பேட்ஜைக் கொடுக்கலாம்.

அமெரிக்காவில் மைக்கேல் ஹேனஸ், ஜெசி ஃபாக்ஸ் இருவரும் ஒரே பாடத்தை இரண்டு வகுப்புகளாக ஒரு செமஸ்டர் நடத்திப் பார்த்து 2015ல் எழுதினார்கள். ஒரு வகுப்பில் லீடர்போர்டும் பேட்ஜும், மற்றதில் இல்லை. போகப் போகப் பேட்ஜ் வகுப்பின் ஆர்வமும் திருப்தியும் குறைந்தன, அந்த ஆர்வக் குறைவின் வழியாக இறுதித் தேர்வு மதிப்பெண்ணும் குறைந்தது. ஒரு ஆய்வை வைத்து எல்லாவற்றுக்கும் தீர்ப்பு எழுத முடியாது, நல்ல பலன் தந்த வகுப்புகளும் பதிவாகியிருக்கின்றன. ஆனால் லீடர்போர்டின் கீழ்ப்பாதியில் இருக்கும் பெயர்களை வாரவாரம் வாசலில் ஒட்டுவது எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர்களில் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள், ஏற்கெனவே தன் இடத்தைத் தேடித் தயங்கி நிற்பவர்கள்.

கைப்பேசியில் வினாடி வினா நடத்தும் கஹூட்டை நான் ஒதுக்கவில்லை. நார்வேயில் பல்கலைக்கழக ஆய்விலிருந்து பிறந்து 2013ல் வெளிவந்த கருவி அது. போன வகுப்பில் நடத்தியதை ஐந்து நிமிடத்தில் நினைவுபடுத்த அதுபோல் வேறில்லை. வேகத்துக்குப் புள்ளி கொடுப்பதை மட்டும் நிறுத்திவைக்கிறேன். எங்கள் பிளாக்கில் சிக்னல் எல்லா பெஞ்சிலும் ஒரே மாதிரி கிடைப்பதில்லை, கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் விரல் ஓடுவதும் நல்லதில்லை.

சோடா ஆட்டத்திலும் இன்டர்னல் மார்க்கைச் செலவுக் கணக்கோடு இணைக்கவில்லை. ஜெயித்த மேசைக்கு ஆளுக்கொரு கடலைமிட்டாய், அவ்வளவே. மார்க் ஆட்டத்துக்குப் பிறகு எழுதித்தர வேண்டிய இரண்டு பக்கத்துக்கு. அதில் கேட்பது இது: உன் தாளில் ஒரு வாரத்தைத் தேர்ந்தெடு, அப்போது உனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, ஏன் அந்த எண்ணைப் போட்டாய், வர வேண்டியதைக் கணக்கில் எடுத்திருந்தால் என்ன போட்டிருப்பாய்? செலவு அதிகமான மேசைகளிலிருந்துதான் நல்ல கட்டுரைகள் வந்தன. செலவுக்கு மார்க் என்றிருந்தால் அவர்கள் தாளைத் திருத்தியிருப்பார்கள், எனக்கும் எழுத்தில் உண்மை கிடைத்திருக்காது.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு மிச்சமிருக்கும் சில குறிப்புகள். பென்சில் கொடுக்காதீர்கள், பேனாதான், அடித்து எழுதியது தெரிய வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் வேறு நிறச் சீட்டு வைத்தால் ஆர்டர்கள் கலக்காது. 10 வாரத்துக்கு ஒருமுறை ஆட்டத்தை நிறுத்தி, பலகையில் கொட்டைகளின் கூட்டும் தாள்களின் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்ப்பவர்கள் எண்ண வேண்டும். சீனியர்கள் சொல்லிவிடுவதால் 4, 8 என்ற எண் இரண்டாம் வருடமே ஊருக்குத் தெரிந்துவிடும். நான் இப்போது மூன்று சீட்டுக்கட்டு வைத்திருக்கிறேன்: ஒன்று பழையபடி 4 பிறகு 8, ஒன்று 5 பிறகு 9, ஒன்றில் ஏற்றம் 7ஆம் வாரம்தான் வரும். எந்த மேசைக்கு எது என்று மாணவர்களுக்குத் தெரியாதபடி கலைத்துக் கொடுக்கிறேன். ஆரம்ப ஸ்டாக்கையும் வழியில் உள்ள சரக்கையும் முதல் எண்ணுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள மறக்க வேண்டாம். 5 என்று தொடங்கும் கட்டுக்கு வழியில் ஒவ்வொரு கட்டத்திலும் 5 கொட்டை, ஆரம்ப ஆர்டர் சீட்டுகளிலும் 5, குடோனில் 15. பிளெக்ஸைச் சுருட்டி வைக்கும்போது எழுதிய பக்கம் வெளியே இருக்கட்டும், உள்ளே இருந்தால் அடுத்த தடவை விரிக்கும்போது ஓரம் மேலே தூக்கும், கொட்டை உருளும்.